அங்கவையின் அப்பா

வெள்ளியங்கிரி தன் மகளோடு பேசிக்கொண்டிருந்தபோது நமீபியாவில் ஒரு பம்பு நின்றுபோனது.

கோயம்புத்தூர் சிங்காநல்லூரில், ஏழாவது மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் அவருக்கு எதிரே அங்கவை உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். எதையோ சொல்லிக்கொண்டும் இருந்தாள். அவர் முகம் அவளைப் பார்த்தபடி இருந்தது. புருவம் உயர வேண்டிய இடத்தில் உயர்ந்தது. "அப்புறம் என்னாச்சு கண்ணு?" என்று வாய் கேட்டது. கை சட்னிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தது. வெள்ளியங்கிரி மட்டும் அங்கே இல்லை. கண்ணில் பொருத்தியிருந்த விழிவில்லையில் விரிந்த பாலைவனத்தில், முந்நூறு மீட்டர் ஆழத்துக் குழாய்க்கிணற்றுக்குள் இருந்தார். மோட்டார் நிற்பதற்கு முன் கடைசியாக எழுப்பிய ஓசையைக் காதுக்குள் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். தேய்ந்தது மேல் பேரிங்கா, கீழ் பேரிங்கா? மயிரிழை வித்தியாசம்தான். அதைக் காதாலேயே பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் முப்பது பேர் இருந்தால் அதிகம். மூன்று கண்டங்களில் ஓடும் நாலாயிரம் பம்புகளை வீட்டில் இருந்தபடியே அவர் கவனித்துவந்தார்.

அவர் சட்டைக் கழுத்துக்குக் கீழே, பிடரியில் ஈடுபேசி ஒட்டியிருந்தது. வெங்காயச் சருகு போல மெல்லிய பட்டை.

ஈடுபேசி புழக்கத்துக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிவிட்டது. அதற்கு முன்பெல்லாம் மனிதர்கள் எதிரில் ஆளை வைத்துக்கொண்டே குனிந்து கைபேசியைப் பார்த்தார்கள். எதிரில் இருப்பவருக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வீடு அதே சண்டை. அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். நீங்கள் எழுதியது, பேசியது, பதிந்து வைத்தது எல்லாவற்றையும் படித்து அது உங்களைப் போலவே பேசக் கற்றுக்கொள்ளும். கழுத்து நரம்புகளின் வழியாக உங்கள் நாக்கையும் முகத்தையும் கையையும் அசைக்கும். நாளிதழ் படித்துக்கொண்டே சாதத்தைப் பிசைந்து சாப்பிடுவதில்லையா, அது போலத்தான். சாப்பாடு உள்ளே போகும்; என்ன சாப்பிட்டோம் என்று நாக்குக்குத் தெரியாது. பேச்சு முடிந்ததும் மூன்று வரியில் ஒரு சுருக்கம் வில்லையின் ஓரத்தில் வந்து நிற்கும். விருப்பப்பட்டால் படிக்கலாம்.

வெள்ளியங்கிரி அதைப் படிப்பதை விட்டுப் பல வருடம் ஆயிற்று. நெருப்பு, உயிருக்கு ஆபத்து இந்த இரண்டுக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டால் போதும் என்று சொல்லிவைத்திருந்தார். அது அவர் சொன்னபடியே நடந்துகொண்டது.

அங்கவை எழுந்து கை கழுவிவிட்டு வந்தாள். அவர் முன்னால் குனிந்தாள். ஏதோ கீழே விழுந்துவிட்டது போலிருக்கிறது, எடுக்கிறாள் என்று ஓரக்கண்ணில் பட்டது. கீழ் பேரிங்தான் என்று அவர் முடிவுக்கு வந்த நேரம் அது. தன் கைகள் உயர்ந்து அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டதையும், தன் குரல் பிசிறியதையும் தூரத்தில் எங்கோ நடப்பது போல உணர்ந்தார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அரை மணி நேரம் கழித்து நமீபியாவில் தண்ணீர் மறுபடியும் மேலே ஏறியது. கன்னம் ஈரமாக இருப்பதைக் கண்டு, வில்லை உறுத்துகிறது என்று நினைத்துக்கொண்டு கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டார்.

அது புதன்கிழமை.

வெள்ளிக்கிழமை மதியம் சமையற்பொறி அவரிடம் கேட்டது: "இன்றும் ஒருவருக்கு மட்டும்தானா?"

"என்ன ஒருத்தருக்கு?" என்றார்.

"புதன் இரவிலிருந்து ஒருவருக்குத்தான் சமைக்கிறேன். அப்படியே தொடரட்டுமா?"

வேலை கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். அவர் எழுந்து மகளின் அறைக்குப் போனார். படுக்கை விரிப்பு மடித்து வைக்கப்பட்டிருந்தது. அலமாரியில் பாதித் துணி இல்லை. மேசையின் மேல் கடலடி மண் நிரப்பிய கண்ணாடிக் குழல்கள் வரிசையாக இருந்த இடத்தில் வட்ட வட்டமாகத் தடம் மட்டும் இருந்தது. அவளைக் கூப்பிட்டுப் பார்த்தார். இந்த எண் தற்காலிகமாகச் செயலில் இல்லை என்றது ஒரு குரல்.

வாசல் கதவைத் திறந்தார். எதிர் வீட்டுச் சாந்தாமணி தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சாந்தாமணி, நம்ம அங்கவை உங்கிட்ட ஏதாவது சொல்லிட்டுப் போனாளா?"

அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "ஏனுங்கண்ணா, இப்பவே தேட ஆரம்பிச்சுட்டீங்களா? பன்னெண்டு வருசம் எப்படித்தான் ஓட்டப்போறீங்களோ போங்க."

"பன்னெண்டு வருசமா?"

"என்னங்கண்ணா இது? நீங்கதான ஞாயித்துக்கெழமை மைசூர்பாக் கொண்டாந்து குடுத்து, எம்பொண்ணு ஆழ்நிலையத்துக்குப் போறான்னு அத்தனை சந்தோசமாச் சொன்னீங்க? சொல்லிட்டு அப்படியே அழுதுட்டீங்க. எங்க வீட்டுக்காரருகூட சொன்னாரு, இப்படி ஒரு அப்பன் யாருக்கு வாய்ப்பான்னு."

வெள்ளியங்கிரி உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

ஈடுபேசி பேசியதெல்லாம் காட்சியாகவும் ஒலியாகவும் சேமிப்பில் இருக்கும். பதினைந்து வருடத்தில் அவர் அதைத் திறந்ததே இல்லை. எப்படித் தேடுவது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. "ஆழ்நிலையம்" என்று மட்டும் சொன்னார். நாற்பத்தோரு உரையாடல்கள் வந்து நின்றன. இரண்டு வருடமாக அவள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கடைசிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலையைத் திறந்தார். இதே மேசை. காட்சியில் அங்கவையின் முகம் நேராகத் தெரிந்தது. அவருடைய கண்ணின் வழியாகப் பதிந்த காட்சி அல்லவா!

"அப்பா, ஒண்ணு சொல்லோணுங்க."

"சொல்லு கண்ணு."

"ஆழ்நிலையத்துக்கு என்னை எடுத்துட்டாங்கப்பா. இந்தியப் பெருங்கடலுக்கு அடியில. வெந்நீர் ஊத்துல வாழற உயிருகளப் பத்தி ஆராய்ச்சி பண்ணோணும். உடம்பை அந்த அழுத்தத்துக்குப் பழக்கித்தான் இறக்குவாங்க. இறங்கிட்டா பன்னெண்டு வருஷத்துக்கு மேல வரமுடியாது. பேசவும் முடியாதுங்க. எழுத்துல மட்டும் மாசம் ஒரு சேதி." அவள் நிறுத்தினாள். "நீங்க வேண்டாம்னா நான் போகலீங்கப்பா. சும்மா சொல்லல. நிசமாத்தான் சொல்றேன்."

பதிவில் பதினோரு விநாடி எந்த ஒலியும் இல்லை. இயந்திரம் சிக்கிக்கொண்டது என்றுதான் வெள்ளியங்கிரி முதலில் நினைத்தார். பிறகுதான் விளங்கியது, அது தன்னுடைய மௌனம் என்று. அதையும் கற்றுக்கொண்டிருந்தது.

"வேண்டாம்னுதான் சொல்லத் தோணுது கண்ணு," என்றது அவர் குரல். "ஆனா உனக்கு ஒண்ணு தெரியாது. உங்கம்மாவுக்குக் கல்யாணமான மூணாவது வருஷம் நார்வேயில ஒரு வேலை வந்துச்சு. ரெண்டே வருஷந்தான். நான் போக வேண்டாம்னு சொல்லல. போயிட்டு வான்னும் சொல்லல. ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு வீட்டுக்குள்ள சுத்தினேன். அவளாப் புரிஞ்சுட்டு, வரலீங்கன்னு அவங்களுக்கு எழுதிப் போட்டுட்டா. அப்புறம் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. ஆஸ்பத்திரியில கடைசி வாரம், ஜன்னலப் பாத்துப் படுத்திருந்தவ திடீர்னு சொன்னா, 'அங்க இப்பப் பனி பெய்யுமுங்க'ன்னு. அவ்வளவுதான். நான் கேக்காத மாதிரி மருந்துச் சீட்டைப் பாத்துட்டிருந்தேன்."

அங்கவை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உன்னையும் அப்படி நிறுத்தி வெச்சுட்டு நான் யாருகிட்ட மன்னிப்புக் கேக்கறது? போயிட்டு வா சாமி. நான் இருக்கேன்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்துவந்து தரையில் உட்கார்ந்து அவர் மடியில் தலையைச் சாய்த்தாள். காட்சியில் அவருடைய கை, நரம்பு புடைத்த அதே கை, அவள் முடியைக் கோதிக்கொண்டே இருந்தது.

வெள்ளியங்கிரி தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். அதில் ஒன்றுமே மிஞ்சியிருக்கவில்லை. மகளின் முடி மிருதுவா, முரடா? அவருக்குத் தெரியாது.

நார்வே விஷயத்தை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. மனைவி ரேணுகா இறந்த மாதத்தில் ஒரு நாள், தனக்குத்தானே குரல் பதிந்து வைத்திருந்தார். அதை மறுபடி கேட்கத் தைரியம் வரவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை. எங்கோ கிடந்தது. ஈடுபேசி அதைப் படித்திருக்கிறது. பேசியது அத்தனையும் அவருடைய வார்த்தைகள், அவருடைய குற்றம், அவருடைய துக்கம். ஒரு பொய்கூட அதில் கிடையாது. அவர் இல்லாததைத் தவிர.

அந்த நேரத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று பணிக்குறிப்பைத் திருப்பிப் பார்த்தார். சிலியில் ஒரு வால்வு. ஒன்பது நிமிடத்தில் கோளாறைக் கண்டுபிடித்திருந்தார். மேலிடத்திலிருந்து பாராட்டுகூட வந்திருந்தது.

அன்று பிற்பகல் முழுவதும் பம்புகளை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பதிவுகளைப் பார்த்தார். பின்னோக்கிப் போகப் போக அங்கவை சின்னவளாகிக்கொண்டே வந்தாள். இதையெல்லாம் ஏன் வாங்கித் தொலைத்தோம் என்று அவருக்கு நினைவு வந்தது. ரேணுகா போன பிறகு ஒன்பது வயதுக் குழந்தை தினமும் ஒரே கேள்வியைக் கேட்டது: "அம்மா செத்துப்போறப்ப வலிச்சுதாங்கப்பா?" அவரால் பதில் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு முறையும் எழுந்து வேறு அறைக்குப் போனார். குழந்தை பின்னாலேயே வந்தது. அந்த நேரம் பார்த்து ஈடுபேசி விற்பனைக்கு வந்தது. கொஞ்ச நாளைக்கு மட்டும், மனசு தேறுகிற வரைக்கும் என்றுதான் மாட்டிக்கொண்டார். அப்போதைய ஈடுபேசி காதில் கொக்கி போலத் தொங்கும். பேச்சும் மரக்கட்டை போல இருக்கும். சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு, பத்திரமா இரு என்று மூன்று வாக்கியத்துக்குள் சுற்றிச் சுற்றி வரும். ஊரே அதைச் சொல்லிக் கேலி செய்தது. ஆனாலும் குழந்தையின் கேள்விக்கு அது எழுந்து ஓடாமல் உட்கார்ந்து பதில் சொன்னது.

அங்கவைக்குப் பதினைந்து வயதான ஒரு நாளின் பதிவில் அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"அப்பா, அந்த மெஷினைக் கழட்டி வெச்சுட்டு எங்கூடப் பேசுவீங்களா?" பள்ளிச் சீருடையில் நின்றுகொண்டு கேட்கிறாள். கண் சிவந்திருக்கிறது.

"சரி கண்ணு," என்கிறது அவர் குரல். "இனிமே இந்த வீட்டுக்குள்ள அதைப் போட மாட்டேன். சத்தியம்."

சத்தியத்தைச் செய்து கொடுத்ததே ஈடுபேசிதான்! வெள்ளியங்கிரிக்கு அந்த நாள் நினைவில்லை. ஆனால் அடுத்த மாதம் நிறுவனம் தன் ஆட்களுக்கெல்லாம் புதிய மெல்லிய பட்டையைக் கொடுத்தது மட்டும் நினைவிருந்தது. காதுக் கொக்கியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிடரியில் ஒட்டிக்கொண்டார். மகள் பார்த்தது அப்பாவின் வெறும் காதைத்தான். அதற்குப் பிறகு அவள் குறை சொன்னதே இல்லை. பிள்ளை வளர்ந்துவிட்டது, புரிந்துகொண்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஒன்பது வருடமாக அவள் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாள்?

நாட்குறிப்பில் அவர் பெயரில் ஒரு சந்திப்பு பதிவாகியிருந்தது. அங்கவையோடு பேசும்போது ஈடுபேசி ஒப்புக்கொண்டு எழுதிவைத்தது. சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி, தூத்துக்குடி, அழுத்தப் பயிற்சி நிலையம். உறவினர் கடைசியாகப் பார்க்கும் நேரம், பதினைந்து நிமிடம். கூடவே ஒரு குறிப்பு: திங்கள் காலை வரை பயிற்சி பெறுபவர் விரும்பினால் வெளியே வந்துவிடலாம். அதற்குப் பிறகு கதவைத் திறக்க இயலாது.

திங்கள் காலை வரை நேரம் இருக்கிறது என்பதை மட்டும் அவர் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை விரைவு ரயிலில் ஏறினார். விழிவில்லையை வீட்டிலேயே வைத்துவிட்டார். பிடரியில் இருந்த பட்டையை மெதுவாக உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கழுத்து குளிர்ந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். திண்டுக்கல் தாண்டியதும் எதிர் இருக்கையில் இருந்தவர் "தூத்துக்குடிக்கா?" என்று கேட்டார். வெள்ளியங்கிரி "ஆமாங்க" என்றார். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்த மனிதர் நல்லவராகத்தான் தெரிந்தார். பதிலுக்கு ஏதாவது கேட்க வேண்டும் என்று யோசித்து யோசித்து, கேட்பதற்குள் மதுரையில் அவர் இறங்கிப் போய்விட்டார்.

மகளிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். போகாதே கண்ணு. வீட்டுக்கு வந்துவிடு. நான் உன்னோடு பேசவே இல்லை. இனிமேல் பேசுகிறேன். அவ்வளவுதான். நாலு வாக்கியம்.

துறைமுகத்தை ஒட்டிய கட்டடத்தில் இருந்தது அந்த நிலையம். பொறுப்பில் இருந்த பெண் அவரை ஒரு சின்ன அறைக்கு அழைத்துப் போனாள். இரும்புச் சுவரில் வட்டமாக ஒரு கண்ணாடி, ஒரு முழம் கனம் இருக்கும். இந்தப் பக்கம் ஒரு முக்காலி.

"பதினஞ்சு நிமிசந்தான் சார். மணி அடிச்சதும் எந்திரிச்சிரணும். உள்ள இருக்க ஹீலியம் காத்துல அவங்க குரல் கீச்சுனு கேக்கும், இந்த ஒலிபெருக்கி அதைச் சரி பண்ணித் தரும். கொஞ்சம் முன்னபின்ன இருந்தா பயந்திராதீங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அங்கவை வந்து உட்கார்ந்தாள்.

அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தாடை ரேணுகாவுடையது. காது மடல் அவருடைய அம்மாவுடையது. இடது புருவத்துக்கு மேலே அரிசி நீளத்துக்கு ஒரு தழும்பு இருந்தது. பழைய தழும்பு. அது எப்போது விழுந்தது? விழுந்து அடிபட்டு அழுதிருப்பாளே. யார் மருந்து போட்டார்கள்?

"அப்பா! வந்துட்டீங்களா?" அவள் முகமெல்லாம் மலர்ந்தது. "வருவீங்கன்னு தெரியும். வண்டியெல்லாம் சவுரியமா இருந்துச்சுங்களா?"

"ம்," என்றார் வெள்ளியங்கிரி. ரயிலில் நேர்த்தியாக வந்த நாலு வாக்கியத்தில் ஒன்றுகூட இல்லை. "சாப்பிட்டியா?"

"ஆச்சுங்கப்பா."

"உடம்பு... உடம்பு எப்படி இருக்குது?"

"காதுதான் கொஞ்சம் அடைக்குது. மத்தபடி நல்லாருக்கேன்."

"பத்திரமா இரு."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அங்கவையின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அவள் கண்ணாடிக்கு நெருங்கி வந்து அவர் கண்ணை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, அதைப் போட்டுட்டு வந்திருக்கீங்களா?"

"எதை?"

"ஈடுபேசிய."

"இல்ல கண்ணு. நாந்தான். நாந்தான் பேசறேன்."

"கொக்கி மாட்டியிருந்த காலத்துல இப்படித்தான் பேசுவீங்க. அப்பக் கேட்டாலும் இதே மாதிரிதான் 'நாந்தான்'னு அது சொல்லும்."

"அங்கவை, கேளு. நீ... போக வேண்டாம். வீட்டுக்கு வந்துரு. அப்பா வந்து..." அதற்கு மேல் வரவில்லை. கை முழங்காலைப் பிசைந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கண் சுவர்மூலைக்குப் போய் வந்தது. "வந்துரு."

அவள் கண்ணாடியை விட்டுப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு, கோபமே இல்லாமல், குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள்: "பாருங்க, அதுக்கு நம்ம பேசினது எதுவுமே தெரியல. அன்னைக்கு அம்மாவப் பத்திச் சொன்ன எங்கப்பா, இன்னைக்கு வந்து போகாதேன்னு சொல்லவே மாட்டாரு. எனக்கு நல்லாத் தெரியும்." அவள் கண் கலங்கியது. "ஒன்பது வருஷம் எனக்காக அதைத் தொடாம இருந்தீங்க. இன்னைக்கு ஒரு நாள் தாங்க முடியல, போட்டுட்டீங்க. தப்பில்லீங்கப்பா. ஆனா நான் ஒரு மெஷின்கிட்டச் சொல்லிட்டுப் போக முடியாதுங்க. கழட்டிருங்க. எங்கப்பா கூட அஞ்சு நிமிஷம் பேசோணும்."

வெள்ளியங்கிரி அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்தான், அதற்குத் திக்கினாலும் பரவாயில்லை. சொன்னால் அவள் நம்புவாள். கதவைத் திறக்கச் சொல்லி வெளியே வந்துவிடுவாள். எந்த வீட்டுக்கு வருவாள்? பதினைந்து வயதில் அழுதுகொண்டு கேட்டதற்குக் கிடைத்த சத்தியம் இல்லாத வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை மாலை தலை சாய்த்த மடி இல்லாத வீட்டுக்கு. அம்மாவின் கதையைச் சொல்லி அனுப்பிவைத்த அப்பா ஒருவர் இருக்கிறார் என்பதைத்தான் பன்னிரண்டு வருடத்துக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்கப்போகிறாள். அதைப் பிடுங்கிக்கொண்டுதான் மகளைத் திருப்பி வாங்க வேண்டும் என்றால், ரேணுகாவுக்குச் செய்ததையே இன்னும் மோசமாகச் செய்வதாக ஆகும்.

ஆறு நிமிடம் பாக்கியிருந்தது.

"இரு கண்ணு," என்று சொல்லிவிட்டு முக்காலியில் இருந்தபடியே திரும்பிக்கொண்டார். சட்டைப் பையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்ததை எடுத்தார். கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், உள்ளங்கை மறைக்க, பட்டையை அழுத்தி ஒட்டினார். அவள் கண்ணுக்கு அப்பா எதையோ கழற்றுவதாகத்தான் தெரிந்திருக்கும்.

திரும்பினார். இல்லை, முகம் திரும்பியது.

"மன்னிச்சுக்க கண்ணு," என்றது வாய். குரல் இறங்கி, இளகி, எந்தத் தடையும் இல்லாமல் வந்தது. "உன் முன்னாடி அழுதுருவேன்னு பயம். வயசான காலத்துல இந்தக் கோழைத்தனம் வேற. போகாதேன்னு அது சொன்னதை மறந்துரு. நீ போகோணும். போயி, அந்த இருட்டுல என்னென்ன இருக்குதுன்னு பாத்து எனக்கு எழுதோணும். கண்ணு தெரியற வரைக்கும் படிச்சுட்டு இருப்பேன்."

அங்கவை அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

"இப்பத்தாங்கப்பா நீங்க வந்திருக்கீங்க," என்றாள்.

வழக்கமாக இந்த நேரத்தில் வில்லையில் ஏதாவது ஒரு பம்பு இருக்கும். மனம் அங்கே போய்விடும். இன்று வில்லை இல்லை. போக இடமில்லை. பதினைந்து வருடத்தில் முதல் முறையாக வெள்ளியங்கிரி தன் முகத்துக்குப் பின்னால் உட்கார்ந்து மகள் பேசுவதைக் கேட்டார். ஒரு சொல் விடாமல் கேட்டார். கடலடியில் வெளிச்சமே இருக்காது என்றாள். ஆனால் வெந்நீர் ஊற்றின் ஓரத்தில், வெயிலையே பார்த்திராத சின்னச் சின்ன உயிர்கள் லட்சக்கணக்கில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன என்றாள். முதலில் அதைப் படத்தில் பார்த்த அன்று தனக்கு அம்மா ஞாபகம் வந்தது, ஏன் என்று தெரியவில்லை என்றாள். பேசும்போது அவள் வலது கை கட்டை விரல் சுட்டு விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அவருக்கும் அதே பழக்கம் உண்டு. அவள் எங்கே பார்த்துக் கற்றுக்கொண்டாள்?

அந்தத் தழும்பைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தவிப்பாக இருந்தது. ஒரே ஒரு கேள்வி. நெற்றியில் அடிபட்டது எப்போ கண்ணு? ஆனால் வாய் அவர் வசம் இல்லை. ஈடுபேசிக்கு அது தெரிந்திருக்கும். அவள் அழுதுகொண்டு வந்து சொன்ன அன்றே கேட்டு, ஊதி, மருந்தும் போட்டிருக்கும். தெரிந்ததை அது எதற்குக் கேட்கப்போகிறது?

மணி அடித்தது.

அங்கவை எழுந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு திறந்தது. போகிறபோது ஒரு முறை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

வெள்ளியங்கிரி கையைத் தூக்கி அசைக்க நினைத்தார். அதற்குள் கை அசைந்துகொண்டிருந்தது.